வாவிக் கரையில் ஒரு நிமிட வெளிச்சம்



விடுமுறைக்கு நுவரெலியா போய் வந்தவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வானம் வெள்ளையாய் வெளிறியிருக்கும். வாவிக் கரையில் நிற்கும் உம்மாவின் முகமோ கறுத்துப் போயிருக்கும். குற்றம் கமெராவில் இல்லை, அவசரத்தில்தான்.

1873இல் அமைக்கப்பட்ட கிறகரி வாவி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நகரில் இருக்கிறது. பக்கத்திலேயே 2,524 மீற்றர் பிதுருதலாகல மலை. ஈரக்காற்று மலையேறிக் குளிர்ந்து முகிலாவதால், வெயிலும் மூடுபனியும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

ஆகவே வெளிச்சத்தைத் துரத்தி ஓடாதீர்கள். முதலில் நல்ல இடமாகப் பார்த்து நின்று, படத்தில் மலை எங்கே, நீர் எங்கே என்று தீர்மானியுங்கள். பிறகு காத்திருங்கள். முகில் விலகியதும் அழுத்துவது மட்டுமே மிச்சம். காற்று எழும்பாத அதிகாலையில் மலையின் உருவம் நீரில் தெளிவாக விழும்.

கையடக்கத் தொலைபேசியானால், திரையில் தெரியும் வெளிச்சமான முகிலை விரலால் தொடுங்கள், வானம் வெளிறாது. ஆட்களை எடுக்கும்போது முகத்தைத் தொடுங்கள். தூறல் துளியைப் பருத்தித் துணியால் துடையுங்கள்.

மூடுபனி மூடிவிட்டதா? சலிப்படைய வேண்டாம். கடும் நிழல் விழாத அந்த மென்மையான வெளிச்சம்தான் முகங்களுக்கு மிக உகந்தது. உம்மாவையும் பிள்ளைகளையும் அப்போது எடுங்கள். வெளித்ததும் மலையை எடுக்கலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஈரக்கரை வழுக்கும். திரையைப் பார்த்தபடி பின்னால் நடக்க வேண்டாம். சிறு பிள்ளையின் கையை ஒருவர் பிடித்திருக்கட்டும். படத்தை மற்றவர் எடுக்கட்டும்.