மிதித்த கணக்கு

நெடுந்தீவிலே பாடசாலைக்கும் கடைக்கும் மாவிலித்துறைக்கும் நாடோறும் துவிச்சக்கர வண்டியில் போய்வருவோர் பலர். இதனைத் தேகாப்பியாசமாகக் கொள்ளலாமா? தாராளமாகக் கொள்ளலாம். வளர்ந்தோர்க்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என 2020இல் விதந்துரைத்த உலக சுகாதார ஸ்தாபனம், போக்குவரத்தில் உண்டாகும் உழைப்பையும் அதனுள் அடக்கியே கூறுகிறது.

கலோரிக் கணக்கோ வேறு. 60 கிலோ நிறையுடையார் ஆறுதலாக அரைமணி மிதித்தால் ஏறத்தாழ 120 கலோரி செலவாகும். சும்மா இருந்திருப்பினும் 30 செலவாகியிருக்கும். ஆகவே மிதித்த பயன் 90 மாத்திரமே. மும்மூன்று தேக்கரண்டி சீனியிட்டு இருமுறை தேநீர் அருந்தினால் அது தீர்ந்தது! அன்றியும், நாளாந்தத் தேவையைக் கணிக்கும்போதே ‘ஓடியாடி உழைப்பவர்’ எனக் குறித்துவிட்டு, அதே மிதிப்பை மீண்டும் வரவில் வைப்பது ஒரு தேங்காயை இருவருக்கு விற்பது போலாம்.

நெடுந்தீவில் மலையில்லை; சோளகம் உண்டு. அதனை எதிர்த்து மிதிக்கும் அரைமணியும் அதனோடு திரும்பும் அரைமணியும் ஒன்றாகுமா? தூரத்தைக் கொண்டு கணிக்கும் கைத்தொலைபேசி காற்றை அறியாது. மூச்சை நம்புக: பேச இயலும், பாட இயலாது என்னும் நிலையே மிதமான உழைப்பு. காலைப் படகைப் பிடிக்க விரைவோர்க்குப் பேசவும் இயலாது.