ஃபோன்ல கோடிப் பாட்டு இருக்கு... நம்ம ஊர்க் கொடையில பாடினது இருக்கா?

போன மார்கழித் திருவிழாவுக்கு சுசீந்திரம் போயிருந்தேன். தேரோட்டம் பார்த்து, தெப்பக்குளக் கரையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், மாமா மச்சிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி வைத்திருந்தார். உள்ளே ஐம்பது, அறுபது கேசட். மாமா ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாண வீடு, சடங்கு வீடு, அம்மன் கோவில் கொடை என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர்.

"மாமா, இதையெல்லாம் ஆக்கர் கடையில போட்டுடலாமே. எல்லாப் பாட்டும் ஃபோன்லயே இருக்கு" என்றேன்.

"அப்படியா மக்கா? இந்தா, இதைத் தேடிப் பாரு" என்று ஒரு கேசட்டை நீட்டினார். மேலே பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது: 'அம்மன் கொடை, வில்லு, பங்குனி 1991'.

தேடினேன். சினிமாப் பாட்டு வந்தது. வேறு ஊர் வில்லுப்பாட்டு இரண்டு மூன்று வந்தது. இது வரவில்லை.

"இல்ல மாமா."

"பின்ன எல்லாப் பாட்டும் இருக்குங்கியே?"

பதில் சொல்ல முடியவில்லை. கேசட்டா, சிடியா, ரெக்கார்டா, ஸ்ட்ரீமிங்கா என்று நாம் போடுகிற சண்டையில் விட்டுப்போகிற கேள்வி இதுதான் என்று தோன்றியது. எதில் கேட்கிறோம் என்பது ரெண்டாவது. நாளைக்கும் கேட்பதற்கு அந்தப் பாட்டின் பிரதி யார் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

மாசாமாசம் கட்டுறது விலையா, வாடகையா?

வாடகைதான். ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு மாதம் நூறு சொச்சம் ரூபாய் கட்டும்போது நமக்குக் கிடைப்பது பாட்டு இல்லை, கேட்பதற்கான அனுமதி. 'டவுன்லோட்' பட்டனை அழுத்தினாலும் இதே கதைதான். இறங்குகிற கோப்பு அந்த ஆப்புக்குள் மட்டும்தான் ஓடும். ஸ்பாட்டிஃபையில் டவுன்லோட் செய்த பாட்டுகள் நிலைக்க வேண்டுமென்றால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும். சந்தா நின்றால் அவையும் நின்றுவிடும்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன உதாரணங்களும் இருக்கின்றன. 2023 மார்ச்சில் உரிம ஒப்பந்தம் கூடிவராததால் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீக்கப்பட்டன. ரெஸ்ஸோ ஆப் 2024 ஜனவரி 31-ஆம் தேதியோடு இந்தியாவில் சேவையை நிறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில், விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. பல வருஷமாக ஒவ்வொரு பாட்டாகச் சேர்த்த பிளேலிஸ்ட்டை வேறு ஆப்பில் மறுபடி கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் இசை நிறுவனத்துக்கும் ஆப்புக்கும் இடையில் நடப்பது. கேட்கிற நமக்கு அதில் நாற்காலி கிடையாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. டிஜிட்டல் பாட்டையோ படத்தையோ வெறும் உரிமமாக விற்கும்போது, அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற வார்த்தையைப் போடக் கூடாது என்கிறது அது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆக, இது நம் ஊர்ப் பழைய ஆட்களின் புலம்பல் மட்டும் இல்லை.

அப்போ ரெக்கார்டு பிளேயர் வாங்கிடணுமா?

ஆசை இருந்தால் வாங்குங்கள். வெளிநாட்டில் அது மறுபடி பெரிய சந்தையாகிவிட்டது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ கணக்குப்படி, 2022-ல் அங்கே சுமார் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சிடி 3.3 கோடிதான். எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

ஆனால் என் கருத்து கொஞ்சம் வேறு. ஏற்கெனவே எல்லா ஆப்பிலும் கிடைக்கிற ஆல்பத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தட்டாக வாங்குவது ரசனை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் அது பெரிய காரியமும் இல்லை.

நம்ம பக்கத்து ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் பிறந்தவர் கே.வி.மகாதேவன். சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியவர், 1967-ல் வந்த 'கந்தன் கருணை' படத்துக்காக. அவர் பாட்டுகளுக்கு இன்று ஆபத்து குறைவு. இசை நிறுவனத்திடம் மூலப்பிரதி, லட்சக்கணக்கான வீட்டில் கேசட், யூடியூப், எல்லா ஆப்பும் என்று பிரதிகள் பரவிக் கிடக்கின்றன. ஒரு இடத்தில் போனால் இன்னொரு இடத்தில் கிடைக்கும். அந்த வகைப் பாட்டுக்கு ஸ்ட்ரீமிங் நல்ல ஏற்பாடு. குறைந்த காசில் சிக்கலில்லாமல் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்கிறேன்.

மாமா நீட்டிய கேசட்டின் கதை வேறு. உலகத்திலேயே அதற்கு ஒரே பிரதி. அதுவும் மச்சில், அட்டைப்பெட்டிக்குள்.

கேசட் செய்த காரியம் என்ன?

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-ல், கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதோடு சூடுபிடித்தது. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். தட்டு அச்சடிக்க ஆலை வேண்டும், பெரிய முதலீடு வேண்டும். யாரைப் பதிவு செய்வது என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், 80-களில் இந்தியாவில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் கதை மாறியது. ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு வெற்று கேசட்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். ஊர்க்கோவில் பாட்டு, மாதா பாட்டு, பட்டிமன்றம், அரசியல் மேடைப் பேச்சு எல்லாம் நாடாவில் ஏறின. பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் பதிந்து தரும் கடை ஒவ்வொரு ஊரிலும் இருந்தது. இன்றைய பிளேலிஸ்ட்டின் தாத்தா அந்தச் சீட்டுதான்.

நாஞ்சில் நாட்டில் இதனால் நாடாவில் ஏறிய பெரிய சொத்து வில்லுப்பாட்டு. வில், குடம், உடுக்கை, கட்டை, தாளம் என்று உட்கார்ந்தால் கொடை இரவு முழுக்கக் கதை ஓடும். சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதை, முத்துப்பட்டன் கதை என்று கோவிலுக்கு ஏற்ற கதை. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் இந்தக் கலையை நகரத்து மேடைகளுக்கும் கொண்டுபோனார். ஆனால் அதன் சொந்த இடம் கோவில் பந்தல்தான். ஒரே கதையை இரண்டு குழு பாடினால் இரண்டும் ஒன்றாக இருக்காது. அன்றைக்குக் கூடியிருக்கிற கூட்டம், சாமியாடி, பாடும் புலவரின் மனநிலை எல்லாம் சேர்ந்துதான் அந்த இரவின் பாட்டு. அதனால்தான் "வேற வில்லுப்பாட்டு யூடியூப்ல இருக்கே" என்பது பதிலாகாது. அது வேறு இரவு.

ஆபத்து எங்கே?

கேசட் நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் காந்தத்துகள் ஒரு பசையோடு பூசப்பட்டிருக்கும். ஒலி பதிவாகியிருப்பது அந்தத் துகளில்தான். ஈரம் பட்டால் பசை இளகும், வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். சுசீந்திரத்தில் ஒரு பக்கம் பழையாறு, கொஞ்ச தூரத்தில் கடல், வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். மச்சில் வைத்த கேசட்டுக்கு இதைவிட மோசமான இடம் தேட வேண்டாம்.

போதாததற்கு, ஓடுகிற டேப் ரெக்கார்டரும் அரிதாகிவிட்டது. அதைப் பழுது பார்க்கிறவரும் அரிதாகிவிட்டார். நாடா நன்றாக இருந்து ஓட்ட மெஷின் இல்லையென்றாலும் பாட்டு போனது போனதுதான்.

ஆக, 'கையில் பொருளாக வைத்திருந்தால் நிரந்தரம்' என்ற நம்பிக்கையும் முழு உண்மை இல்லை. ஆப் ஒரே நாளில் எடுத்துக்கொள்வதை ஈரம் முப்பது வருஷத்தில் எடுத்துக்கொள்ளும். சொந்தமாக வைத்திருப்பது என்றால் பராமரிப்பதும் சேர்த்துத்தான்.

வீட்டில் கேசட் இருந்தால் என்ன செய்யலாம்?

பெரிய செலவில்லை. ஒரு வாரக் கடைசி போதும்.

• முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்பையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது.

• பூஞ்சை தெரிகிற கேசட்டை அப்படியே ஓட்டாதீர்கள். மெஷினையும் கெடுத்து, அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக வைத்து, விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

• டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.

• ஹெட்ஃபோன் அல்லது லைன் அவுட் துளையிலிருந்து ஒரு கேபிள், ஒலியை உள்வாங்கும் ஒரு சின்ன யுஎஸ்பி கருவி, ஒரு லேப்டாப். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள்.

• எம்பி3 கேட்க மட்டும். பாதுகாக்க வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சிடி தரத்தில் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி. 60 நிமிஷக் கேசட்டுக்கு 600 எம்பி. இன்றைய பென்டிரைவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

• மூன்று பிரதி வையுங்கள். ஒன்று லேப்டாப்பில், ஒன்று ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் அல்லது கிளவுடில்.

• கோவில் பெயர், ஊர், ஆண்டு, பாடிய குழு, குடம் அடித்தவர், உடுக்கை அடித்தவர் பெயர் எல்லாம் எழுதி வையுங்கள். இதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பெயர் இல்லாத ஒலிக்கு அடுத்த தலைமுறையில் மதிப்பு பாதிதான்.

கடைசி வேலையைத் துறை சார்ந்தவர்களிடமும் கேட்கலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சட்டம் இடம் கொடுக்குமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை அனுமதிக்கிறது. உங்கள் வீட்டுக் கேசட்டை உங்களுக்காகக் கணினியில் ஏற்றிக்கொள்வதை அந்த அடிப்படையில் பார்க்கலாம். ஊருக்கே போடுவது வேறு விஷயம். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. பாடியவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு.  யூடியூபில் போடுவதற்கு முன் புலவரையோ அவர் குடும்பத்தையோ பார்த்து ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கப் போனால் அவர்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம்.

மாமாவின் கேசட் என்ன ஆனது?

பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் இருந்த பழைய டெக்கை இரவல் வாங்கி ஓட்டினோம். 'ஏ' பக்கம் தெளிவாக வந்தது. 'பி' பக்கம் பாதியில் கிரீச்சிட்டு நின்றுவிட்டது. கதையின் முடிவு இனி கிடைக்காது. பத்து வருஷம் முந்தி ஓட்டியிருந்தால் கிடைத்திருக்கலாம்.

வில்லுக்கு நடுவே மைக்கில் ஒரு அறிவிப்பு: கோவில் வரி பாக்கி வைத்திருக்கிறவர்கள் உடனே வந்து கட்டவும். எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் பெண்கள் குரவை இட்டார்கள். அடுப்படியிலிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்த முதல் குரவை உங்க ஆச்சி. இன்னொருக்கப் போடு."

ஆச்சி இறந்து இருபது வருஷம் ஆகிறது. அவள் குரல் எங்கள் வீட்டில் வேறு எதிலும் இல்லை.

மாசச் சந்தாவை நான் நிறுத்தப் போவதில்லை. ரஹ்மானையும் ராஜாவையும் ஆப் பார்த்துக்கொள்ளும். ஆச்சியை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, ஆக்கர்காரர் வருவதற்கு முன்னால் உங்கள் வீட்டு மச்சிலும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.