வார்ட்டில் எங்கள் பேச்சைக் கேட்கப் பழக்குங்கள்: மலையக மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



அண்மையில் நம் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடியது அது.

எட்டு மாதக் கர்ப்பிணி, கொழுந்து எடுக்கும் பிள்ளை. “தலை இடிக்குது, நெஞ்சுக்குழி எரியுது, நேத்திலேருந்து கண்ணு மங்கலா தெரியுது” என்று சொல்லியிருக்கிறாள். உள்ளகப் பயிற்சி வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. தரை துடைத்துக்கொண்டிருந்த சிற்றூழியரைக் கூப்பிட்டார்கள். அவர் அவசரத்தில் தலையிடியையும் நெஞ்செரிச்சலையும் மட்டும் சிங்களத்தில் சொன்னார், கண் மங்கல் விடுபட்டுப் போனது. பிரஷர் கொஞ்சம் கூடியிருந்தது. டிக்கட்டில் அதையும் எழுதி, கெஸ்ட்ரைட்டிஸ் என்றும் எழுதி, மாத்திரை கொடுத்தார்கள். இரவு வலிப்பு வந்தது. அம்பியூலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

கர்ப்ப காலத்தில் பிரஷரோடு இந்த மூன்றும் சேர்ந்தால் வலிப்பு வரலாம் என்பது மருத்துவ மாணவர் எல்லோரும் படிக்கும் பாடம். அந்த வைத்தியரும் படித்தவர்தான். இரவு பகலாக வார்ட்டில் நிற்கும் அந்தப் பிள்ளைமேல் எங்களுக்குக் கோபமில்லை. ஐந்து வருடம் ஆங்கிலத்தில் படிப்பித்து, தமிழ் பேசும் நோயாளியிடம் கேட்டறியும் வழியை அவரவர் பாட்டுக்கு விட்டுவிட்ட முறைமேல்தான் கோபம்.

மருத்துவ பீடத்தை முடித்தவர் இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவோடு ஆறு ஆறு மாதமாக இரண்டு வார்ட்டுகளில் ஒரு வருடம் பழக வேண்டும். பெயர் பயிற்சி, நடப்பது ஆள்பற்றாக்குறைக்கு முட்டுக்கொடுக்கும் வேலை. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டிய மூத்தவர்களும் குறைந்துவிட்டார்கள். 2022 நெருக்கடிக்குப் பின் நாட்டை விட்டுப் போன வைத்தியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்து 11 ஆயிரம், அதில் பாதிக்கு மேல் தமிழர். தமிழும் அரச கரும மொழி என்று 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். 2016 சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். இந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் என்ன சமைக்கிறாய், எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போகிறாய், பிள்ளைக்கு யார் சோறு கொடுப்பது என்று கேட்கத் தெரியாத வைத்தியர் எதை எழுதிக்கொடுப்பார்? விற்றமின் சிரப்பைத்தான்.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படிக்கும் சிங்கள மாணவர்கள் போதனா வைத்தியசாலைக் கட்டிலருகே தமிழில் விசாரிக்கப் பழகித்தான் வெளியே வருகிறார்கள். அங்கே முடிவது கண்டிப் பக்கத்துப் பேராதனையில் ஏன் முடியாது? ஹட்டனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் அனுப்பப்படும் நோயாளிகள் போய்ச் சேருவது கண்டிக்குத்தானே!

ஆகவே நாங்கள் கேட்பது இது. பேராதனை மருத்துவ பீடம் இறுதி வருடச் செயன்முறைப் பரீட்சையில் தமிழ் மட்டும் பேசும் ஒரு நோயாளியை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரிக்க வைக்கட்டும். பரீட்சையில் வராததை எந்த மாணவரும் படிப்பதில்லை. சுகாதார அமைச்சு, மலையகத்துக்கு நியமிக்கும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களுக்கு வார்ட்டில் கால் வைக்கும் முன்பே தோட்டத்துப் பேச்சைப் பழக்கட்டும், ஒரு நாளாவது லயத்துக்குக் கூட்டிப்போகட்டும். இரவு நேரத்துக்குச் சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். சிற்றூழியரின் தலையில் அந்தப் பாரத்தைக் கட்டுவது அவருக்கும் அநியாயம்.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் 150 கட்டில் கட்டிடத்தை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் திறந்துவைத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். அதற்குப் பிறகு எந்தத் தொழிற்சங்கத் தலைவராவது அங்கே வரும் வைத்தியருக்கு என்ன பழக்குகிறார்கள் என்று கேட்டாரா? பின்தங்கிய மாவட்டம் என்ற 5 வீத ஒதுக்கீட்டில் நுவரெலியாவின் பெயரால் மருத்துவ பீடம் போனவர்களே, உங்களில் எத்தனை பேர் இந்த மலைக்குத் திரும்பினீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, பயிற்சி வைத்தியர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வாரம் ஒரு மாலை தாருங்கள். தோட்டக் கமிட்டிகளும் கோயில் கமிட்டிகளும் கையொப்பம் திரட்டி, அடுத்த உள்ளகப் பயிற்சி நியமனப் பட்டியல் வருமுன் அமைச்சுக்கும் மருத்துவ சபைக்கும் அனுப்புங்கள். நோயாளியோடு போகிறவர்கள், அவர் சொன்னதெல்லாம் டிக்கட்டில் ஏறிவிட்டதா என்று கேட்டுவிட்டே வெளியே வாருங்கள்.

தலைவர்மாரே, அடுத்த முறை ரிப்பன் வெட்ட வரும்போது இதற்குப் பதிலோடு வாருங்கள். இல்லாவிட்டால் மாலை போட எங்கள் தோட்டங்களிலிருந்து ஆள் வராது.