காபன் வரி: புகைக்கா, வயசுக்கா?

2019 ஜனவரியில் காபன் வரி வந்தபோது, "லைசன் எடுக்கப் போனா இன்னொரு செலவு" எண்டு வாகனக்காரர் புறுபுறுத்தார்கள். 2020 தொடக்கத்தில் அதை நீக்கியதும் நிம்மதி. அந்த வரி எதை அளந்தது எண்டு பேசினவர்கள் குறைவு.

எரிபொருள், எஞ்சின் அளவு, வயது: இந்த மூன்றும்தான் கணக்கு. பத்து வருடம் தாண்டிய 1000 சிசி பெற்றோல் காருக்கு வருடம் 1,500 ரூபாய். ஐந்து வருடத்துக்கு உட்பட்ட 1000 சிசி ஹைபிரிட்டுக்கு 250 ரூபாய். பழசு கூடப் புகைக்கும், சரி. ஆனால் ஜும்ஆவுக்கு மட்டும் சாய்ந்தமருதில் வெளியே எடுக்கிற பழைய கார் எவ்வளவு ஓடுது? கிழமைக்கு இரண்டு தரம் கொழும்பு போய்வருகிற புதுக் கார் எவ்வளவு ஓடுது? அது கணக்கிலேயே இல்லை.

அளக்க வழி இல்லாமலும் இல்லை. லைசன் புதுப்பிக்க வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம்தானே. அங்கேயே மீற்றரையும் பார்த்து எழுதினால், கூட ஓடினவர் கூடக் கட்டுவார்.

2020இலிருந்து 2025 வரை கார் இறக்குமதி நின்றதால் எங்கட வீதியில் பழைய வாகனங்கள் இன்னும் பழசாகிவிட்டன. இந்த வரி திரும்பி வந்தால், வேணாம் எண்டு மட்டும் கத்தாமல், "வயசை விட்டுட்டுப் புகையை அளங்க" எண்டு கேட்போம்.