நில வளமும் நொதிப் பரீட்சையும்

நிலத்தின் தன்மையை அறியாமல் எருவிடுதல், நோயை அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். இக்குறையை நீக்கும் பொருட்டே மத்திய சர்க்கார் 2015ம் வருஷத்தில் மண்வள அட்டைத் திட்டத்தை ஆரம்பித்தனர். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து முதலான 12 விவரங்கள் அவ்வட்டையில் காணப்படும். இது நன்மையே. ஆயினும், மண்ணிலுள்ள சத்துக்களைக் கணக்கிடும் அவ்வட்டை, அவற்றைப் பயிருக்குப் பக்குவப்படுத்தும் நொதிகளைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை.

முளைகட்டிய கேழ்வரகு இனிப்பதை யாவரும் அறிவர். தானியத்திலுள்ள மாவை நொதிகள் சர்க்கரையாக மாற்றுவதே அதற்குக் காரணம். இத்தகைய நொதிகள் மண்ணிலும் உண்டு. நுண்ணுயிர்களும் வேர்களும் அவற்றை உண்டாக்குகின்றன. யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவைப் பிறப்பிப்பது யூரியேஸ். மக்கிலுள்ள மணிச்சத்தை விடுவிப்பது பாஸ்படேஸ். டிஹைட்ரஜனேஸ் என்பதோ உயிருள்ள அணுக்களுக்குள் மட்டுமே தொழிற்படுவது. நிறமற்ற ஓர் உப்பை மண்ணுடன் கலந்து ஒருநாள் வெதுவெதுப்பில் வைத்தால், அது சிவப்பாக மாறும் அளவைக் கொண்டு இந்நொதியைக் கணிக்கலாம்.

தாளைக் கொளுத்தி, தொழு உரத்தையும் கைவிட்ட நிலத்தில் அங்ககக் கரி குறைந்திருப்பது தெளிவாகத் தெரியப் பல வருஷங்கள் செல்லும். நொதிகளின் குறைவோ அதற்கு வெகு முன்னரே புலப்படும். கேடு முற்றுமுன் எச்சரிப்பதே இப்பரீட்சையின் பயன்.

இதற்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. மாதிரி மண்ணை உலர்த்தாமல் குளிர்ச்சியாக அனுப்பவேண்டும். ஈரமும் பருவமும் மாறினால் அளவும் மாறும். நன்செய்யைப் புன்செய்யோடு ஒப்பிடலாகாது. ஆனால் ஒரே நிலத்தை, ஒரே பருவத்தில், வருஷந்தோறும் சோதித்தால் இக்குறைகள் பெரும்பாலும் நீங்கும். ஆகவே கிராமத்திற்கு ஒரு நிலத்திலேனும் டிஹைட்ரஜனேஸ் பரீட்சையை நடத்தி, அதன் முடிவையும் அட்டையில் சேர்ப்பது உசிதம். தக்க நிலத்தைத் தேர்ந்தெடுப்பதில் கிராம உத்தியோகஸ்தர்கள் உதவலாம்.

அதுவரையில் நிலச்சொந்தக்காரர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்துகொள்ளலாம். சாயமற்ற பருத்தித் துணித் துண்டுகள் இரண்டை, தொழு உரமிட்ட வயலிலும் இடாத வயலிலும், சமமான ஈரமுள்ள இடத்தில், அரை அடி ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் சென்று தோண்டிப் பார்க்கவேண்டும். துணியை அரிப்பதும் நுண்ணுயிர்களின் நொதியே. அதிகம் நைந்த துணி கிடந்த மண்ணில் அவற்றின் தொழில் அதிகம்.

பிள்ளைகளுக்கு விடும் சொத்தின் பரப்பு பத்திரத்தில் இருக்கிறது. அதன் உயிர் மண்ணில் இருக்கிறது. பின்னதையும் காப்பது சொந்தக்காரரின் கடமை.