ரயில் ஓட்டுபவர் ஊதிக் காட்டணும்... துப்பாக்கி ஏந்தும் போலீஸ்? போதைப் பரிசோதனையில் என்ன சிக்கல்?

நெல்லை எக்ஸ்பிரஸை ஓட்ட வரும் லோகோ பைலட், பணியில் சேரும்போதே கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். மது அருந்தியது தெரிந்தால் அன்றைக்கு இன்ஜினில் ஏற முடியாது. அதே நெல்லை மாவட்டத்தின் மணிமுத்தாறில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 9, 12-ஆவது பட்டாலியன்கள் இருக்கின்றன. துப்பாக்கி ஏந்தும் காவலர்களுக்கு இப்படித் தினசரி சோதனை கிடையாது. கொண்டு வரலாமா?

இதற்கு முன்னுதாரணம் இருக்கா?

இருக்கு. 2018 ஜூலையில் பஞ்சாப் முதல்வராக இருந்த அமரீந்தர் சிங், போலீஸ் உட்பட எல்லா அரசு ஊழியர்களுக்கும் 'டோப் டெஸ்ட்' கட்டாயம் என உத்தரவிட்டார். வேலையில் சேரும்போது மட்டுமல்ல, பணிக்காலம் முழுவதும். உடனே, அமைச்சர்களும் எம்.எல்.ஏ.க்களும் எடுக்கட்டுமே என்ற கேள்வி கிளம்பியது.

சட்டம் அனுமதிக்குமா?

தனியுரிமை அடிப்படை உரிமை என 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட சட்டம் வேண்டும், நியாயமான தேவை வேண்டும், அளவு மீறக் கூடாது. துப்பாக்கி வைத்திருப்பவர் என்பது வலுவான காரணம்தான். அமெரிக்காவில் ஆயுதம் ஏந்தும் சுங்கத் துறையினரைச் சோதிக்கலாம் என 1989-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டெஸ்ட்டை நம்பலாமா?

முழுசா நம்ப முடியாது. தொடர்ந்து கஞ்சா புகைப்பவரின் சிறுநீரில் அது வாரக்கணக்கில் தெரியும். மெத்தாம்பெட்டமைன் சில நாட்களிலேயே மறைந்துவிடும். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தாலும் 'பாசிட்டிவ்' காட்டலாம். அதாவது, பாசிட்டிவ் வந்தாலே டூட்டியில் போதையில் இருந்தார் என்று அர்த்தம் இல்லை. ஆய்வகத்தில் இரண்டாவது முறை உறுதி செய்த பிறகே நடவடிக்கை எடுப்பதுதான் நியாயம்.

பாசிட்டிவ் உறுதியானால்?

இங்கேதான் விஷயமே இருக்கு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, போதைப்பொருளைப் பயன்படுத்துவதே குற்றம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு வழக்கில் இருந்து பாதுகாப்பு தருகிறது. வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் இருந்தால், சிக்கலில் இருக்கும் காவலர் மறைக்கத்தான் பார்ப்பார். துப்பாக்கி அவர் கையிலேயே இருக்கும்.

அதனால், சிறுநீர்க் குப்பியை நீட்டும் முன் சிகிச்சைக்கான கதவைத் திறக்க வேண்டும். கஞ்சா வழக்கில் அவர் பிடித்து வரும் பாளையங்கோட்டைப் பையனுக்கும் அந்த 64ஏ இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.