வாளுக்கு விலை பேசிப் பெருமைப்படாதீங்க

2023 மே 23ஆம் திகதி லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் வாள் 1 கோடி 40 லட்சம் பவுணுக்குப் போனது. எதிர்பார்த்தது 15 முதல் 20 லட்சம்தான். "நம்மட சுல்தான்ட வாளுக்கு எவ்வளவு மதிப்பு பாருங்க" எண்டு இப்பவும் பகிர்கிற பொடியன்மாரிடம் ஒரு கேள்வி: இது மதிப்பா, களவுப் பொருளின் விலையா?

1799 மே 4 ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு ஷஹீதானார், அரண்மனை சூறையாடப்பட்டது. படுக்கையறையில் இருந்த வாளை, தாக்குதலை நடத்திய டேவிட் பெயர்டுக்குப் படை "பரிசாக" கொடுத்தது. கொள்ளையடித்தவன் கொள்ளையடித்தவனுக்குக் கொடுத்தா அது பரிசா? இருநூறு வருசம் போனதும் "அரும்பொருள்" எண்டு பெயர். விலை ஏற ஏறக் களவு மறையுது.

அவங்கட சொந்த வாள்களைப் பாருங்க. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரிகள் வில்கின்சன் கம்பெனியில் சொல்லிச் செய்வித்த வாள்களில் இலக்கம் வெட்டியிருக்கும். பதிவேட்டைப் புரட்டினா வாங்கினவன் பெயர் வரும். பேரப்பிள்ளைக்கு அது குடும்பப் பெருமை.

நம்மட கரையில் கதை வேற. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கச் சொல்லி பொலிஸ் அறிவித்தது. கொலைகாரரைப் பிடிக்கத்தான் வேணும், அதில் வாதமில்லை. ஆனா ஒரு பழைய இரும்பு வீட்டில் கிடந்தாலே நெஞ்சு படபடத்தது. இது மூத்தவாப்பாட வாள் எண்டு சொன்னா நம்ப யார் இருந்தது? காட்ட ஒரு துண்டுக் கடதாசி இருந்ததா? அவங்கட வாளுக்குப் பதிவேடு, நம்மட வாளுக்குச் சந்தேகம்.

காசிருந்தாத்தான் மீட்கலாம் எண்டு சொல்றவங்களுக்கும் ஒண்டு சொல்லணும். 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையடித்த லெவ்கே பீரங்கியும் தங்க, வெள்ளிக் கஸ்தானை வாள்களும் 2023இல் நெதர்லாந்திலிருந்து இலங்கைக்குத் திரும்பி வந்தன. ஒருத்தரும் ஏலம் கேட்கல்ல. எது, எப்படி, யார் கையால் போனது எண்டு இரண்டு நாட்டு ஆய்வாளர்களும் தேடி எழுதினாங்க. அந்த எழுத்துத்தான் பொருளைக் கொண்டு வந்தது.

ஆகவே லண்டன் விலையைப் பகிர்றதை விடுங்க. உம்மம்மாட பாக்குவெட்டி, பழைய காணி உறுதி, அலுமாரிக்கு மேல கிடக்கிற வாள், எதுவானாலும் படம் எடுங்க. யாரிடமிருந்து வந்தது எண்டு பெரியவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க. நம்மட பொருளுக்கு நாம பெயர் எழுதாட்டி, ஏலக்காரனோ பொலிஸோ எழுதுவான்.